கட்டாயமாக வார்டில் சேர்க்கப்பட்டவர்களே, குணமான பிறகு உங்கள் எண்ணம் மாறியதா?

கடலோரவாசி (பினாங்கு)

இந்தக் கேள்வி நோயாளிகளுக்கு. உறவினர்களும் மருத்துவப் பணியாளர்களும் தாராளமாகப் படிக்கலாம். முதலில் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

எனக்கு இருமுனைக் கோளாறு, மனநிலை உச்சத்துக்கும் அடியாழத்துக்கும் மாறி மாறிப் போகும் நோய். சில ஆண்டுகளுக்கு முன்பு அப்பாவும் சித்தப்பாவும் "இரத்தப் பரிசோதனைதான், அரை மணி நேரத்தில் வந்துவிடலாம்" என்று சொல்லிக் காரில் ஏற்றினார்கள். இறங்கிய இடம் மனநல வார்டு. இப்போது ஒழுங்காக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். பாயான் லெப்பாசில் தொழிற்சாலை வேலை. வீட்டுக் கடன் கட்டுகிறேன். அதனால் என் குடும்பம் என்னிடம் நன்றியை எதிர்பார்க்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி யாராவது ஒருவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அன்றைக்கு மட்டும் நாங்கள் கொண்டு போகாமல் இருந்திருந்தால்..." என்று ஆரம்பிப்பார். எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

எனக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. அதில் சந்தேகமே இல்லை. தூக்கமில்லாமல் பாலத்தில் கார் ஓட்டிய வேகத்தை இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஆனாலும் கோபம் ஆறவில்லை. கோபம் வார்டின் மேல் இல்லை, டாக்டர் மேலும் இல்லை, அந்தக் கார்ப் பயணத்தின் மேல். அப்பா இன்றும் "வா, வெளியே போய்ச் சாப்பிடலாம்" என்றால் எந்தச் சாலையில் திரும்புகிறார் என்றுதான் கவனிக்கிறேன்.

நான் தேறிவிட்டேன் என்பதாலேயே அவர்கள் செய்த விதம் சரியாகிவிடுமா? உங்களுக்கு எப்படி?

நிழல்மரம் (செந்தூல்)

எனக்கு மனச்சிதைவு. என்னைக் கொண்டு போனது போலீஸ். பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று உறுதியாக நம்பி, விடியற்காலையில் காய்கறிக் கத்தியோடு ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறேன். காப்பாற்றப் போனேன். அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எண்ணம் மாறியதா என்றால், மாறியது. வார்டில் இருந்தவரை எல்லாரையும் சபித்தேன். வீட்டுக்கு வந்து பல மாதங்கள் கழித்துத்தான், அவர்கள் வந்தது நல்லது என்று தோன்றியது. ஆனால் கைவிலங்கு போட்டு, மின்தூக்கிக்குக் காத்திருந்த அத்தனை பேர் முன்னிலையில் நிறுத்தினார்களே, அதை நான் இன்னும் ஏற்கவில்லை. கத்தியைக் கேட்டதும் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகும் விலங்கு எதற்கு?

தம்பி சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். வெளியே வந்த பிறகு நமக்குக் கோபப்படும் உரிமை பறிபோய்விடுகிறது. குரலை உயர்த்தினால், "மாத்திரை போட்டாயா?" அழுதால், "டாக்டரை முன்னாலேயே பார்க்கலாமா?" பேசாமல் இருந்தால் அதற்கும் நோயில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மாமியாரோடு சண்டை போடும் சாதாரணப் பெண்ணாக இருக்க எனக்கு அனுமதி இல்லை.

செராஸ்_அண்ணன்

நோயாளிகள் மட்டும் என்று போட்டிருக்கிறீர்கள். மன்னிக்கவும், இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் கையெழுத்துப் போட்டவன்.

என் தம்பி வீட்டுச் சமையல் எரிவாயுவைத் திறந்துவிட்டு, "சுத்தம் செய்கிறேன்" என்று உட்கார்ந்திருந்தான். அம்மாவுக்கு எழுபது வயது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "தம்பி, உன்னை மனநல வார்டில் அடைக்கப் போகிறேன், செருப்பைப் போட்டுக்கொண்டு வா" என்றா? நெடுஞ்சாலைக்கு ஓடியிருப்பான். கோயிலுக்குப் போகலாம் என்று சொன்னேன். வந்தான். உயிரோடு இருக்கிறான். நாளைக்கு அதே நிலை வந்தால் அதே பொய்யைச் சொல்வேன்.

கார்ப் பயணத்தைப் பற்றிக் கவிதை எழுத உயிர் இருக்க வேண்டும், நண்பரே.

கடலோரவாசி

அண்ணா, போக வேண்டாம், இருங்கள். உங்களைத் திட்டுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஏற்றும்போது பொய் சொன்னீர்கள், சரி. வாசலில் இறங்கும்போது உண்மையைச் சொன்னீர்களா? அல்லது அதையும் தாதியிடம் விட்டுவிட்டீர்களா? என் அப்பா வாகனம் நிறுத்தப் போகிறேன் என்று போனவர், மறுநாள் மாலைதான் வந்தார்.

பழைய தாதி (ஆயர் ஈத்தாம்)

பணி ஓய்வு பெற்ற மனநலத் தாதி நான். உங்களுக்கெல்லாம் அத்தை வயது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வார்டுக்கு வரும் முதல் மணி நேரத்தை நோயாளி மறப்பதே இல்லை. மாத்திரையின் பெயரை மறப்பார், டாக்டரின் முகத்தை மறப்பார். நான்கு பேர் பிடித்து அழுத்தியதையும், அதில் ஒருவர் சிரித்ததையும் மறக்க மாட்டார். வீட்டுக்குப் போகும் நாளில் பலர் என்னிடம் சொன்னது சேர்க்கையைப் பற்றியே இல்லை. "யாரும் எனக்கு எதையும் சொல்லவில்லை, சிஸ்டர்." இதுதான் பெரும்பாலும் வரும். என்ன ஊசி, எவ்வளவு நேரம் தூக்கம் வரும், வீட்டார் எப்போது வருவார்கள், கைப்பேசி எங்கே. இவற்றைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். வார்டில் ஆள் பற்றாத இரவில் அந்த ஒரு நிமிடத்தைத்தான் முதலில் விடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வார்டில் அமைதிப்படுத்தப் போடும் ஹாலோபெரிடால் ஊசிக்குப் பிறகு சிலருக்குக் கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும். மாற்று மருந்து கொடுத்தால் விரைவில் சரியாகிவிடும். முன்கூட்டிச் சொல்லப்படாத ஒருவர், ஏற்கெனவே தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று நம்புபவர், அந்தச் சில நிமிடங்களில் என்ன நினைப்பார்? அவர் சந்தேகத்துக்கு நாமே சாட்சி தயாரித்துக் கொடுக்கிறோம்.

பினாங்குக்காரர்களுக்கு ஒரு செய்தி. இந்நாட்டில் பொது மருத்துவமனைக்குள் மனநலப் பிரிவு முதலில் தொடங்கியது இங்கேதான், 1958-இல். அதற்கு முன்பு மனநோய் என்றாலே பலர் வாயில் வரும் பெயர் தஞ்சோங் ரம்புத்தான், பேராக்கிலுள்ள மனநல மருத்துவமனை. 1911-இல் திறந்த இடம். அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் அப்பா வாகனம் நிறுத்தப் போய் மறைந்ததற்கு அந்த மிரட்டலும் ஒரு காரணமாக இருக்கலாம், தம்பி. வெட்கம் அவரைத் தின்றிருக்கும்.

சட்டப்புத்தகம் (பிரிக்பீல்ட்ஸ்)

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் இரு பக்கமும் வாதாடுகிறார்கள். சுருக்கமாக:

இங்கே நடைமுறையில் இருப்பது 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். நாடாளுமன்றத்தில் நிறைவேறி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தூங்கியது. நடைமுறைக்கு வந்தது 15 ஜூன் 2010. பிரிவு 10-இன்படி உறவினர் விண்ணப்பிக்க வேண்டும். கூடவே ஒரு மருத்துவர் நேரில் பரிசோதித்துப் பரிந்துரைக்க வேண்டும், அந்தப் பரிசோதனை ஐந்து நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அண்ணன் கையெழுத்து மட்டும் யாரையும் உள்ளே வைக்காது. முதலில் ஒரு மாதம் வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மறுபரிசோதனை, அதில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். பிரிவு 11, போலீசுக்கும் சமூகநல அதிகாரிக்கும் உரியது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் பிடிக்கலாம், 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். 2023-இல் திருத்தினார்கள். தீயணைப்புப் படையினர், பொதுத் தற்காப்புப் படையினர் போன்றோருக்கும் நெருக்கடியில் தலையிடும் அதிகாரம் வந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது. அதுவரை அந்தக் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை என்று ஏட்டில் இருந்தது.

மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் ஒப்புதல் தனி. பிரிவு 77. நோயாளிக்கு முடிவெடுக்கும் திறன் இருந்தால் அவரைத்தான் கேட்க வேண்டும். உள்ளே இருக்கிறார் என்பதற்காகத் திறன் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள், சில டாக்டர்களும் சேர்த்து.

பொய் சொல்லி ஏற்றலாமா என்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

அருள்வாக்கு77

இதெல்லாம் செய்வினை. டாக்டரால் தீராது. பத்துமலைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், ஒரு மண்டலம் அங்கே தங்க வைத்தால்

பழைய தாதி

6 ஆகஸ்ட் 2001, தமிழ்நாட்டின் ஏர்வாடி. மனநோயாளிகளைத் தங்க வைத்த இடத்தில் கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். சாமி கும்பிடுங்கள், திருநீறு பூசுங்கள், நானும் பூசுவேன். யாரையும் எங்கேயும் தங்க வைக்க வழி சொல்லாதீர்கள்.

எண்ணும்_எழுத்தும் (பெட்டாலிங் ஜெயா)

இழையைத் தொடங்கியவரின் கேள்வியை ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகளாகக் கேட்டிருக்கிறார்கள். 1975-இல் ஆலன் ஸ்டோன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு வாதத்தை வைத்தார். கட்டாயச் சிகிச்சையை நியாயப்படுத்துவது நோயாளி பின்னாளில் சொல்லப்போகும் நன்றி என்று. உங்கள் சித்தப்பா தீபாவளிக்குச் சொல்வது அதையேதான்.

அந்த நன்றி வருகிறதா? 2006-இல் வந்த ஒரு மீளாய்வு அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்தது. சேர்த்தது சரி அல்லது சிகிச்சை பயன் தந்தது என்று சொன்ன நோயாளிகள், ஆய்வுக்கு ஆய்வு 33 முதல் 81 விழுக்காடு வரை. இவ்வளவு அகலமான இடைவெளியில் யார் வேண்டுமானாலும் தமக்கு வேண்டிய எண்ணைப் பொறுக்கலாம். பிறகு ஐரோப்பாவில் 11 நாடுகளில் ஒரே முறையில் கேட்டார்கள். மூன்று மாதம் கழித்து "சரிதான்" என்றவர்கள் ஒரு நாட்டில் 46 விழுக்காடு, இன்னொரு நாட்டில் 86. நோய் ஒன்றேதான். நாட்டுக்கு நாடு மாறுவது சட்டமும் வார்டும் நடத்தும் முறையும் என்றுதான் நான் படிக்கிறேன். இங்கிலாந்தில் ஓராண்டு கழித்துக் கேட்டபோது 40 விழுக்காடு. ஆனால் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட 1,570 பேரில் தொடக்கத்தில் பேட்டி எடுக்க முடிந்தது 778 பேரிடம்தான். மற்றவர்கள் கணக்கில் இல்லை. அவர்கள் நன்றியில் திளைத்துக்கொண்டிருந்ததால் பேசாமல் போனார்கள் என்று நான் நினைக்கவில்லை.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது 1999-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு. சேரும்போது "எனக்கு ஆஸ்பத்திரி தேவையில்லை" என்றவர்களைச் சில வாரங்கள் கழித்துத் திரும்பக் கேட்டார்கள். பாதிப்பேர், துல்லியமாக 52 விழுக்காடு, "தேவைப்பட்டது" என்று மாறினார்கள். வற்புறுத்தப்பட்டோம் என்ற உணர்வு மட்டும் மாறவில்லை. நன்றியும் கூடவில்லை. தேவை என்று ஒப்புக்கொள்வதும் நன்றி சொல்வதும் ஒன்றாகவே வரும் என்று எதிர்பார்ப்பது குடும்பங்களின் கற்பனை. நீங்கள் விதிவிலக்கு இல்லை, நண்பரே, பெரும்பான்மை.

கடலோரவாசி

இதை அச்சிட்டு அடுத்த தீபாவளிக்குப் பலகாரத் தட்டோடு வைக்கப் போகிறேன்.

கம்பியில்லா ஜன்னல் (கோலாலம்பூர்)

நீங்கள் எல்லாரும் பொய்யைப் பற்றியும் விலங்கைப் பற்றியும் பேசுகிறீர்கள். அடைத்து வைப்பதையே யாரும் கேள்வி கேட்கவில்லை. இனிமையாகப் பேசி, பெயர் சொல்லி, தேநீர் கொடுத்து அடைத்தால் அது அடைப்பு இல்லையா?

மாற்றுத்திறனாளிகளின் உரிமை குறித்த ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியா 2010-இல் இணைந்தது. அதன் 14-ஆம் உறுப்பு, இயலாமை இருக்கிறது என்பதற்காக ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது. நம் அரசு இணைந்தபோதே 15, 18 ஆகிய இரண்டு உறுப்புகளுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. 15 எது தெரியுமா? சித்திரவதை, கொடுமையான நடத்தை ஆகியவற்றிலிருந்து விடுதலை. அதை எதற்கு விலக்கி வைத்தார்கள் என்று எந்த அமைச்சரையாவது கேட்டுப் பாருங்கள்.

என் சேர்க்கை ஏட்டில் "தன்விருப்பம்" என்று இருக்கிறது. நடந்தது இது: "நீங்களே கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் வெளியே வரலாம். போடாவிட்டால் கட்டாயச் சேர்க்கை, அது பதிவாகிவிடும்." போட்டேன். கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களின் கணக்கில் நான் இல்லை. என்னைப் போல எத்தனை பேர்?

எண்ணும்_எழுத்தும்

அந்தக் கையெழுத்து விஷயத்தில் ஆய்வு உங்கள் பக்கம். அமெரிக்காவில் 1990-களில் நடந்த மெக்ஆர்தர் ஆய்வு, தாமாக வந்ததாகப் பதிவானவர்களில் கணிசமானோரும் வற்புறுத்தப்பட்டதாகவே உணர்ந்தார்கள் என்று காட்டியது. மிரட்டலும் பலவந்தமும் அந்த உணர்வைக் கூட்டின. எடுத்துச் சொல்லி இணங்க வைப்பது கூட்டவில்லை. தன் தரப்பைச் சொல்ல விட்டார்கள், காது கொடுத்துக் கேட்டார்கள் என்று உணர்ந்தவர்களிடம் அது குறைவாகவே இருந்தது, முடிவு அவர்களுக்கு எதிராகப் போனபோதும்.

நிழல்மரம்

ஜன்னல், உங்கள் வாதத்தை மதிக்கிறேன், ஏற்க மாட்டேன்.

அன்று விடியற்காலை என் உரிமையை நீங்கள் காப்பாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான்காவது கதவைத் திறந்தவர் ஒரு தாத்தா. பயத்தில் என்னைத் தள்ளியிருப்பார். கையில் கத்தி. அதற்குப் பிறகு நான் இந்த இழையில் எழுதியிருக்க மாட்டேன், சிறையிலிருந்து கடிதம் எழுதியிருப்பேன். என் சுதந்திரத்தை அன்று பறித்தது முதலில் நோய். போலீஸ் இரண்டாவதாகத்தான் வந்தது.

நீங்கள் என்னைப் போன்றவர்களுக்காகப் பேசுவதாகச் சொல்லும்போது, என்னைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். என் குடும்பமும் அப்படித்தான் எனக்காகப் பேசியது.

கம்பியில்லா ஜன்னல்

கத்தியை வாங்குவதற்கு நான் எதிரி இல்லை. ஊரில் யார் கத்தியோடு கதவு தட்டினாலும் வாங்கத்தான் வேண்டும். அதற்குப் பின் வாரக்கணக்கில் உள்ளே வைப்பதற்கு எது ஆதாரம் என்பதே என் கேள்வி. அந்த இரவு முடிந்துவிட்டது. ஊசி முடியவில்லை.

இங்கிலாந்தில் வெளியே விட்ட பிறகும் கட்டாயமாகச் சிகிச்சையில் வைக்கும் ஆணை ஒன்று இருக்கிறது. அது பயன் தருகிறதா என்று 2013-இல் சோதித்தார்கள். ஓராண்டுக்குள் திரும்பச் சேர்க்கப்பட்டவர்கள் ஆணை உள்ள குழுவிலும் 36 விழுக்காடு, இல்லாத குழுவிலும் 36. கட்டாயம் கூடினால் குணம் கூடும் என்பதை நான் எதை வைத்து நம்புவது?

நிழல்மரம்

எனக்கு மருந்து ஏறுவதற்கு வாரக்கணக்கில்தான் ஆனது. இரண்டாம் நாள் கேட்டிருந்தால் தெளிவாக, பணிவாக, "வீட்டுக்குப் போகிறேன்" என்றிருப்பேன். போய் ஐந்தாவது கதவைத் தட்டியிருப்பேன். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் காதில் வாங்கிக்கொண்டேன்: ஊசி முடியவில்லை என்றீர்களே, அது எனக்கும் தெரியும்.

செராஸ்_தம்பி

அண்ணன் இந்த இழையைக் காட்டினார். எரிவாயுவைத் திறந்தவன் நான்தான். வணக்கம்.

அண்ணன் ஒரு விஷயத்தில் ஏமாந்திருக்கிறார். கோயில் என்று அவர் சொன்னபோது எனக்குத் தெரியும். கோயிலுக்குப் போகிறவர் என் உள்ளாடைகளை ஏன் பையில் அடுக்குகிறார்? களைத்துப் போயிருந்தேன், அதனால் போனேன். ஆகவே கடலோரவாசி அண்ணாவின் கோபம் எனக்கு இல்லை.

என் கோபம் கோப்பில் இருக்கிறது. விண்ணப்பத்தோடு டாக்டரிடம் பேசும்போது அண்ணன், "அம்மாவை அடித்தான்" என்று சொன்னார். நான் அம்மாவை அடிக்கவில்லை. எரிவாயு உண்மை, கத்தியது உண்மை, கண்ணாடியை உடைத்தது உண்மை. அம்மா மேல் கை வைக்கவில்லை. அது எழுத்தில் ஏறிவிட்டது. கிளினிக்கில் டாக்டர் மாறும்போதெல்லாம் புதிய டாக்டர் கோப்பைப் புரட்டி, "தாயைத் தாக்கிய வரலாறு" என்று படித்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளுகிறார். மறுத்தால், நோயைப் பற்றிய தன்னுணர்வு குறைவு என்று எழுதுகிறார்கள். ஒப்புக்கொண்டால் பொய். சேர்க்கை ஒரு மாதம்கூட இல்லை, முடிந்து போனது. இது மட்டும் ஒவ்வொரு முறையும் எனக்கு முன்னால் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

செராஸ்_அண்ணன்

அம்மா சொன்னதைத்தான் சொன்னேன்.

செராஸ்_தம்பி

அம்மா "தள்ளினான்" என்றுகூடச் சொல்லவில்லை. "பயமாக இருக்கிறது" என்றார். நீங்கள் பக்கத்திலேயே இருந்தீர்கள்.

செராஸ்_அண்ணன்

வீட்டில் பேசலாம்.

சட்டப்புத்தகம்

சகோதரர்கள் வீட்டில் பேசட்டும். தம்பிக்கு ஒரு வழி: பழைய குறிப்பை அழிக்க மாட்டார்கள், அழிக்கவும் கூடாது. ஆனால் தகவல் தந்தவரே, அதாவது அண்ணனும் அம்மாவும், ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கிளினிக்கில் கொடுத்தால், அதைக் கோப்பில் சேர்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். அடுத்து புரட்டுபவர் இரண்டையும் படிப்பார். நோயாளி மறுப்பதற்கும் சொன்னவரே திருத்துவதற்கும் எடை வேறு.

கடலோரவாசி

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு என் கோபம் சற்று ஆடம்பரமாகத் தெரிகிறது. இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன்.

கடிதம் என்றதும், நான் செய்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். நன்றாக இருக்கும்போதே ஒரு பக்கம் எழுதி, அக்காவிடம் ஒன்று, கிளினிக்கில் ஒன்று கொடுத்துவிட்டேன். மறுபடி எனக்கு வேகம் ஏறினால் முதலில் தெரியும் அறிகுறிகள்: தூக்கம் குறைவது, இணையத்தில் கேமரா வாங்குவது (என்னிடம் எத்தனை கேமரா என்று கேட்காதீர்கள்). யார் என்னிடம் பேச வேண்டும்: அக்கா. யார் பேசக் கூடாது: சித்தப்பா. ஹாலோபெரிடால் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வேறு வழி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். எங்கே கூட்டிப் போகிறீர்கள் என்று காரில் ஏறும் முன் சொல்லிவிடுங்கள், நான் கத்தினாலும் சரி. தொழிற்சாலைக்கு "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லுங்கள். தேவைப்பட்டால் என் விருப்பத்துக்கு எதிராகச் சேர்க்கலாம் என்றும் நானே எழுதியிருக்கிறேன். ஜன்னல் என்னைத் திட்டலாம்.

கம்பியில்லா ஜன்னல்

திட்ட மாட்டேன். அது உங்கள் கையெழுத்து.

சட்டப்புத்தகம்

இந்தியாவில் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இப்படிப்பட்ட முன்கூட்டிய அறிவுறுத்தலுக்குச் சட்ட வலிமை தருகிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. இங்கே அது ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். டாக்டர் படித்தால் படிப்பார்.

எண்ணும்_எழுத்தும்

பயன் உண்டா என்பதிலும் முடிவு இரண்டுபட்டது. இங்கிலாந்தில் 2004-இல் நோயாளியும் மருத்துவக் குழுவும் சேர்ந்து எழுதிய நெருக்கடித் திட்டத்தைச் சோதித்தபோது, திட்டம் வைத்திருந்தவர்களில் 13 விழுக்காட்டினர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார்கள், மற்றவர்களில் 27. கைதட்டினார்கள். 2013-இல் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அந்த வேறுபாடு காணாமல் போனது. பல இடங்களில் திட்டத்தை எழுதும் கூட்டத்தைக் கடமைக்கு நடத்தினார்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. இழுப்பறையில் கிடக்கும் தாளுக்குச் சக்தி இல்லை. எழுதுங்கள், கிளினிக்கில் ஒவ்வொரு புதிய டாக்டருக்கும் நீங்களே நினைவூட்டுங்கள்.

பிறைக்காரி

புதியவள். முழுவதும் படித்தேன். என் அம்மா சாப்பாட்டில் விஷம் என்று சொல்லி, நான் சமைப்பதைத் தொடுவதில்லை. மெலிந்துவிட்டார். அடிப்பதில்லை, கத்துவதில்லை, கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி என்ற சொல்லை எடுத்தாலே பேச்சை நிறுத்திவிடுகிறார். மாமா, "திருமணத்துக்குப் போகிறோம் என்று சொல்லி ஏற்றிவிடுவோம்" என்கிறார். ஏற்றலாமா?

பழைய தாதி

அம்மாடி, தண்ணீர் குடிக்கிறாரா? அதை முதலில் சொல்.

பிறைக்காரி

குழாயில் தானே பிடித்துக் குடிக்கிறார். உறை பிரிக்காத ரொட்டி, வாழைப்பழம், தோலோடு அவித்த முட்டை சாப்பிடுகிறார். நான் உரித்துக் கொடுத்தால் தொட மாட்டார்.

பழைய தாதி

அப்படியென்றால் இன்றிரவே ஏற்ற வேண்டிய நிலை இல்லை. முட்டை, பழம், உறை பிரிக்காத எதுவானாலும் கண்ணில் படும் இடத்தில் வை. "விஷம் இல்லை அம்மா" என்று வாதாடாதே, "பயமாக இருக்கிறதா?" என்று கேள். நாளை நீ மட்டும் அருகிலுள்ள சுகாதார கிளினிக்குக்குப் போ. எப்போது தொடங்கியது, எதையெல்லாம் நிறுத்தினார், எடை எவ்வளவு குறைந்திருக்கும் என்று தாளில் எழுதிக் கொண்டு போ. அம்மாவின் அடையாள அட்டை நகல், இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகள் எல்லாம் கையில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து பார்க்கும் மனநலக் குழு உங்கள் பகுதி மருத்துவமனையில் இருக்கிறதா, மெந்தாரி மையம் (அரசின் சமூக மனநல மையம்) எது என்று கேள். தொலைபேசியில் பேச 15555 இருக்கிறது. தண்ணீரையும் நிறுத்தினால், தன்னைத் தானே காயப்படுத்தும் பேச்சு வந்தால், காத்திருக்காதே, 999.

நிழல்மரம்

கல்யாணம் என்று சொல்லாதே, தங்கச்சி. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவசரப் பிரிவில் உட்கார்ந்திருப்பார். விஷம் வைக்கிறார்கள் என்று பயப்படுபவருக்கு, வீட்டில் மிச்சமிருக்கும் நம்பிக்கை நீதான்.

செராஸ்_அண்ணன்

தண்ணீரை நிறுத்தினால் மட்டும் எதையாவது சொல்லி ஏற்றிவிடு, அம்மா. வாசலில் இறங்கும்போது உண்மையைச் சொல். நீயே சொல், தாதியிடம் விடாதே.

பிறைக்காரி

சரி அண்ணா. காலையில் கிளினிக்குக்குப் போகிறேன். மாமாவுக்கு இந்த இழையை அனுப்பியிருக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை.